முழங்காலும் இயந்திரக் கையும்



எமது ஆச்சிமார் ஊர்காவற்றுறைக்கு வள்ளம் ஏறுகையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நாம் காண்கின்றோம். குருத்தெலும்பு தேய்ந்தமையே காரணம். தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, உலோக மூடியும் இடையே பிளாஸ்ரிக் தட்டும் பொருத்துவதே மூட்டுமாற்றுச் சத்திரசிகிச்சை.

இயந்திரம் தானே வெட்டுமென்று சிலர் அஞ்சுகின்றனர். சிலர் அதனையே நம்புகின்றனர். இன்று பெரிதும் வழங்கும் இயந்திரக் கையைப் பிடித்து வெட்டுபவர் வைத்தியரே. முன்கூட்டிக் குறித்த எல்லையை அவர் தாண்டாது அது தடுக்கும். வெட்டு நேர்த்தியாகின்றது, மெய்தான். நடையோ? தென்கொரிய வைத்தியர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பத்தாண்டு கடந்தும் இருமுறைக்கும் குறிப்பிடத்தக்க பேதமில்லை. அங்கு பயன்பட்டது பழைய வகை இயந்திரம் என்பதையும் சொல்லவேண்டும்.

ஆதலால் இயந்திரத்துக்காகக் காணியை ஈடுவைக்க எண்ணும் பெரியோர்களே, கைதேர்ந்த வைத்தியரை முதலில் தேடுங்கள். பின்னர் காலை மடக்கி நீட்டும் பயிற்சிக்கு, வீடுதோறும் வந்து துணைநிற்க நாம் ஆயத்தமாயுள்ளோம்.