கடைமடைக்காரன் கடைசியைத்தான் பார்ப்பான்!

(திருத்துறைப்பூண்டியில் விவசாயிகளும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து...)



நம்ம மண்ணுல 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்தவர் நெல் ஜெயராமன் அய்யா. இன்னைக்கு மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் விளைவிக்கிற நம்ம தம்பிங்க, இடைத்தரகர் இல்லாம அரிசி விற்க வெப்சைட் தொடங்கப் போறாங்க. மகிழ்ச்சி! "பேர் முடிவாயிடுச்சுண்ணே, கடைசியில டாட் காம் போடுறதா, டாட் இன் போடுறதா?"ன்னு கேட்டாங்க.

இது சின்னக் கேள்வி இல்லை தோழர்களே. நாம கடைமடைக்காரங்க. மேட்டூர்ல எவ்வளவு திறந்தாங்கன்னு கேட்டா போதாது, நம்ம வாய்க்காலுக்கு என்ன வந்து சேர்ந்துச்சுன்னு பார்க்கிறவங்க. இணைய முகவரியிலயும் கடைசியைத்தான் பார்க்கணும்.

டாட் காம் 1985-லேயே வந்தது. உலகத்துக்கே தெரியும். ஆனா நல்ல பேரையெல்லாம் ஏற்கெனவே யாராவது எடுத்து வச்சிருப்பாங்க. டாட் இன் இந்தியாவுக்கு உரியது. ஆனா 2005-லேருந்து யார் வேணும்னாலும் வாங்கலாம், வெளிநாட்டுக்காரரும் வாங்கலாம். அதனால டாட் இன் இருக்கிறதாலேயே ஒரு தளத்தை நம்பிடாதீங்க.

டாட் கவ் டாட் இன் அரசுக்கு மட்டும்தான். பி.எம். கிசான் பணம்னு லிங்க் வந்தா, முகவரி அதுல முடியுதான்னு பாருங்க. நடுவுல கிசான்னு யார் வேணும்னாலும் எழுதலாம். மோசடி பெருகினதாலதான், 2025 அக்டோபர் 31-க்குள்ள டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாறணும்னு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுச்சு.

தமிழ்லயே டாட் இந்தியா இருக்கு. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூட தமிழ் எழுத்துல முகவரி உண்டு. நமக்குப் பெருமைதான்! ஆனா தமிழ் முகவரியில மெயில் ஐடி வச்சா, பல தளங்கள் இன்னும் ஏத்துக்கிறதில்லை.

அதனால தம்பிங்களுக்கு நான் சொன்னது இதுதான். உள்ளூர்ல விற்கிற அரிசிக்கு டாட் இன் போதும். அதே பேர்ல டாட் இந்தியாவும் வாங்கி, அதைத் தட்டினாலும் நம்ம தளம் திறக்கிற மாதிரி வையுங்க.

எதை வாங்கினாலும் பட்டா யார் பேர்லன்னு பாருங்க! வெப்சைட் செஞ்சு கொடுக்கிறவர் தன்னோட பேர்லயும் தன்னோட போன் நம்பர்லயும் பதிவு பண்ணிட்டா, நாளைக்கு அவர் எங்கே இருக்காருன்னு தேடணும். சங்கத்து பேர்ல பதிவு பண்ணுங்க. பாஸ்வேர்ட் ரெண்டு பேர்கிட்ட இருக்கட்டும். முதல் வருஷம் 99 ரூபாய்னு விளம்பரம் வந்தா, ரெண்டாவது வருஷப் புதுப்பிப்பு எவ்வளவுன்னு கேளுங்க. கெடு தவறினா, நீங்க வளர்த்த பேரை வேற ஒருத்தர் எடுத்துக்கலாம்.

நம்ம நெல்லை நாமே மீட்டோம். அந்த நெல்லோட பேரும் நம்ம கையிலேயே இருக்கட்டும்!