செவி கேட்பதும் மூளை கேட்பதும்
(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்தாள். “ஐயா, தந்தையும் மகளும் சேர்ந்து பாடுங்கால் அவர் குரல் தாழ்ந்தும் அவள் குரல் உயர்ந்தும் ஒலிக்கின்றன. ஆயினும் இருவரும் ஒன்றையே பாடுகின்றனர் என்று நம் காது எங்ஙனம் ஒப்புகிறது?” என்று வினவினாள். “அஃது அப்படித்தான்” என்றேன். அது விடையன்று; என் அறியாமைக்கு இட்ட போர்வை. அந்த நாணமே என்னை அறிவியல் நூல்களிடம் துரத்தியது. அங்குக் கற்றதையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

ஒலியென்பது காற்றின் அதிர்வு. நொடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளை நலமுள்ள இளஞ்செவி உணரும். அவ்வதிர்வு செவிப்பறையில் மோதி, மூன்று சிற்றெலும்புகளின் வழியே உட்செவியை அடைகிறது. அங்கே நத்தைக்கூடுபோல் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்ட குழல் ஒன்றுண்டு. அதனை நீட்டினால் 35 மில்லிமீட்டர் அளவே தேறும். அதனுள் ஒரு மென்தோல் விரிந்துள்ளது. உயர்ந்த ஒலி வாயிலருகே அத்தோலை மிகுதியாக அசைக்கும். தாழ்ந்த ஒலி உள்முனையருகே அசைக்கும். யாழில் நரம்புகள் வரிசைப்பட்டிருத்தல் போல, இங்கே ஒலிகள் இடத்தால் வரிசைப்படுகின்றன. அத்தோலசைவை ஆராய்ந்து காட்டிய பெக்கேசி என்னும் அறிஞருக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அங்ஙனமாயின் இசையைக் கேட்பது செவிதானே எனலாம். அன்று. தொலைபேசியை எண்ணிப் பாருங்கள். நெடுங்காலம் அதன் கம்பிவழி நொடிக்கு 300 முதல் 3,400 வரையிலான அதிர்வுகளே சென்றன. ஆடவர் குரலின் அடியதிர்வோ 120 அளவினது. அது கம்பியில் வரவேயில்லை. ஆயினும் மறுமுனையில் ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்டது! எங்ஙனம்?

எந்தக் குரலும் தனியோர் அதிர்வன்று. 120-உடன் 240, 360, 480, 600 என மடங்கதிர்வுகளும் உடன்பிறக்கும். கம்பியில் வந்தவை 360, 480, 600 முதலியன. அவற்றின் இடைவெளி எங்கும் 120. அவ்வொழுங்கைக் கண்ட மூளை, வாராத அடியொலியைத் தானே வருவித்துக் கொள்கிறது. இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்கிறோமே, ஏறத்தாழ அதனைப் போன்றதே இதுவும். 1841-இல் சீபெக்கு என்னும் செருமானியர் இதுபோன்றதை ஆய்ந்து கூறினார்; ஓம் அதனை மறுத்தார்; எல்ம்கோல்ட்சும் ஓம் பக்கமே நின்றார். ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து சௌட்டன் என்னும் ஒல்லாந்தர் ஆய்ந்தபின்னரே சீபெக்கின் கருத்து மீண்டும் மதிப்புப் பெற்றது. பெரியோர் மறுத்தனர் என்பதால் உண்மை மாய்ந்துவிடவில்லை.

இனி அம்மாணவியின் வினாவிற்கு வருவோம். தந்தை 120-இலும் மகள் 240-இலும் பாடுகின்றனர் எனக் கொள்வோம். மகள் குரலின் 240, 480, 720 ஆகிய அனைத்தும் தந்தை குரலின் மடங்குகளுள் முன்னரே அடங்கியுள்ளன. இந்த இரட்டிப்புறவே இரண்டையும் ஒன்றென உணர்வதற்கு அடிப்படை. இரண்டுக்கு மூன்று என்னும் அளவில் நிற்கும் குரலும் இளியும் இனிது பொருந்துவதும் இத்தகைய மடங்குறவாலேயே.

தமிழில் யாழின் தந்தியும் நரம்பு, இசையும் நரம்பு, உடலில் உணர்வைச் சுமப்பதும் நரம்பு. இதனால் முன்னோர் மூளையியல் அறிந்திருந்தனர் என நான் கூறேன். பொய்ப்பெருமை தமிழுக்கு வேண்டா. ஆனால் இவ்வறிவியலைச் சொல்லத் தமிழில் சொல்லில்லை என்பார்க்கு இவ்வொரு சொல்லே மறுமொழி.

இறுதியாக ஒன்று. மாலையில் சில்வண்டு கத்துகிறதென்று என் மகள் கூறுகின்றாள், எனக்குக் கேட்பதில்லை. அகவையும் ஒரு காரணம். மேடைதோறும் கூம்பொலிபெருக்கியின்கீழ் நின்றதும் ஒரு காரணம். உட்செவியில் ஒலியுணர்வை நரம்புக்கு ஊட்டும் மயிர்க்கண்ணறைகள் ஏறத்தாழ 3,500 மட்டுமே. அழிந்தால் மனிதர்க்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. உயர்ந்த ஒலிக்குரிய வாயிற்பகுதியே பெரும்பாலும் முதலில் கெடுகிறது. மூளை வாராத ஒலியை வருவிக்கும். ஆனால் செவி முற்றும் மாண்டபின் அது எதைக்கொண்டு வருவிக்கும்?

ஆகவே, தமிழ் முழங்க வேண்டுமென்று குழந்தைகளின் செவியருகே பெருக்கியைக் கட்டாதீர்கள். தமிழைக் கேட்கச் செவி வேண்டும். ஆசிரியத் தோழர்களே, விடை தெரியாவிடில் “தெரியாது, தேடிச் சொல்கிறேன்” என்று கூறுங்கள். மறுநாளே அம்மாணவியிடம் நான் அதைத்தான் கூறினேன்.