வத்தலக்குண்டில் இரண்டு நாள்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியது. சனி, ஞாயிறு ஆகிய இரண்டு ஓய்வு நாட்களை நாம் எவ்வாறு கழித்தல் வேண்டும் என்பதே அது. "இதற்கும் ஒரு பிரசங்கமா?" என்று வாலிபர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், ஆயினும் முடிவுவரை செவிசாய்க்குமாறு அவர்களை வேண்டிக்கொள்ளுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில் குடும்பத்தாருடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டேன். வத்தலக்குண்டை அடைந்ததும் நாங்கள் வந்த வாடகை வண்டி பழுதாகி நின்றுவிட்டது. மாலைக்குள் சரிசெய்ய இயலாது என்று தெரிந்தவுடன் அனைவருக்கும் முகம் வாடிற்று. என் பேத்தி, "தாத்தா, இந்த ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று வினவினாள். "ஒன்றும் இல்லை, அம்மா. இது வழியில் உள்ள ஊர்" என்றேன். அருகில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் கையை நிறுத்தி, "என்ன ஐயா, இப்படிச் சொல்லிவிட்டீர்கள்? சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர் அல்லவா இது?" என்றார். அக்கணத்தில் யான் அடைந்த நாணத்தை இன்னும் மறந்திலேன். அவ்வழியாக எத்தனையோ முறை போய்வந்திருந்தும், காப்பி அருந்துவதற்கன்றி வேறெதற்கும் அங்கே இறங்கியதில்லை.

அன்றிரவு அவ்வூரிலேயே தங்கினோம். அதன் பின்னர் விசாரித்தும் படித்தும் அறிந்துகொண்டவற்றுட் சிலவற்றை இங்கு விண்ணப்பித்துக்கொள்ளுகிறேன்.

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், திண்டுக்கல் ஜில்லாவில் அமைந்த பேரூர் வத்தலக்குண்டு. வெற்றிலைக்குண்டு என்பதே அவ்வாறு மருவிற்று என்று சொல்லுவாருமுண்டு. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறிய காலத்தில் மலைக்குச் சாலை இல்லை. பிற்காலத்தில் ரெயில் வந்த பின்னரும், அம்மையநாயக்கனூரில் இறங்கி மாட்டுவண்டியில் அடிவாரம் வரை வந்து, அங்கிருந்து குதிரைமீதோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ, டோலியிலோ ஏறிச்செல்லுதல் வழக்கம். 7,000 அடி உயரத்திற்கு அவர்களைச் சுமந்து சென்ற தோள்கள் அடிவாரத்து ஏழைகளின் தோள்கள். அவர்கள் பெயரை எந்தக் கல்லிலும் யாரும் பொறிக்கவில்லை. மோட்டார்ச் சாலை 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் அமைந்தது.

அறிவுலகில் இவ்வூர் ஈட்டிய புகழோ பெரிது. தமிழின் ஆதி நாவல்களுள் ஒன்றாகிய 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் 1872-இல் இங்கே பிறந்தார். அந்நாவல் 1893 முதல் 'விவேக சிந்தாமணி'ப் பத்திரிகையில் வெளிவந்தது. 1896-இல் 'பிரபுத்த பாரத'த்தின் ஆசிரியரான அவர், 1898-இல் தம் 26-ஆம் வயதில் காலமானார். 'மணிக்கொடி'யை நடத்திய பி. எஸ். ராமையா 1905-இல் பிறந்ததும் இவ்வூரே. 'எழுத்து' என்னும் பத்திரிகையை 1959-இல் தொடங்கியவரும், ஏறுதழுவும் வீரத்தை 'வாடிவாசல்' என்ற நூலிற் காட்டியவருமான சி. சு. செல்லப்பா வளர்ந்ததும் இங்கேதான். இத்துணைப் பேரை ஈன்றும் வளர்த்தும் தந்த ஓர் ஊரை "ஒன்றும் இல்லாத ஊர்" என்று ஒரு குழந்தைக்குக் கூறிய என் அறியாமையை என்னென்பது!

சுப்பிரமணிய சிவாவைப் பற்றிச் சற்று விரித்துக் கூற வேண்டும். 1884-இல் பிறந்த அவர், 1908-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களுடன் கைதாகிச் சிறை சென்று, 1912-இல் விடுதலையடைந்தார். சிறைவாசத்தின் பயனாக அவரைத் தொழுநோய் பற்றிற்று. அந்நோயைக் காரணமாகக் காட்டி அரசாங்கத்தார் அவர் ரெயிலில் ஏறுவதைத் தடுத்தனர். அவரோ கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1925-இல் பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்தார். நாம் உல்லாசமாகப் பிரயாணம் செய்யும் சாலையிலே பிறந்த ஒருவருக்குப் பிரயாணமே மறுக்கப்பட்டது.

வத்தலக்குண்டிலிருந்து சிறிது தூரத்தில் பட்டிவீரன்பட்டி இருக்கிறது. காப்பி வியாபாரத்திற்குப் பேர்பெற்ற ஊர். ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார் அவ்வூரினர். சென்னைத் தியாகராய நகரிலுள்ள பாண்டி பஜார் அவர் பெயரால் வழங்குவது. அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக விளங்கிய காலத்தில், தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்றிச்செல்ல மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று ஆணையிட்டார். அக்காலத்தில் சில பஸ் முதலாளிகள் அம்மக்களுக்கு இடமில்லையென்று வெளிப்படையாகவே அறிவித்துவந்தனர் என்பதை நம் பிள்ளைகள் அறியார்கள். அறியச் செய்வது நம் கடமை.

அப்பக்கத்திலேயே அய்யம்பாளையமும், அதன் அருகே மருதாநதி அணையும் உள்ளன. மலையேறினால் தாண்டிக்குடி. முருகப்பெருமான் இங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குச் சென்றார் என்று ஊரார் கூறுவர். பெருமரங்களின் நிழலில் காப்பிச் செடியும், மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக் கொடியும் அங்கே கண்ணுக்கு விருந்து. முன்னோர் எழுப்பிய பெருங்கற்சின்னங்களும் அம்மலைப்பகுதியில் உள்ளன. பின்னர்ப் பண்ணைக்காடு சென்று, கொடைக்கானற் சாலையிற் சேர்ந்து கீழிறங்கினால், டம் டம் பாறையிலிருந்து 297 மீட்டர் உயரத்தினின்று வீழும் தலையாறு அருவியைக் காணலாம். இரண்டு நாட்களுக்கு இவை போதாவோ?

கொடைக்கானலுக்குப் போகவேண்டாம் என்று யான் சொல்லவில்லை. 1863-இல் லெவிஞ்சு துரை அமைத்த ஏரியையும், 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை மலரும் குறிஞ்சியையும் யார்தான் காண விரும்பார்? ஆனால் அம்மலை தாங்கக்கூடிய பாரத்திற்கும் ஓர் எல்லையுண்டு. வாகனங்கள் பெருகியதால், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அங்குச் செல்வோர் இ-பாஸ் பெறவேண்டும் என்ற விதி ஏற்பட்டது. எல்லோரும் ஒரே ஏரிக்கரையில் நெருங்கிநின்று, நெகிழிக் குப்பையை விட்டுவருவதைவிட, வழியிலுள்ள சிற்றூர்களில் இறங்கித் தங்குதல் மலைக்கும் நலம். அவ்வூர்க் கடைக்காரருக்கும் நலம். நம் அறிவுக்கும் நலம்.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். சிலருக்கு அது கசக்கலாம். இப்பெரியோர்களின் பெயர்களை யான் சொல்லும்பொழுதே, "இவர் நம்மவரா, பிறரா?" என்று சிலர் மனத்திற்குள் கணக்கிட்டிருப்பீர்கள். யானும் ஒரு காலத்தில் அவ்வாறு கணக்கிட்டவனே. அன்று அந்தத் தேநீர்க் கடைக்காரர் இன்னாருடைய குலத்தவர் என்று கருதிச் சிவாவின் பெயரைச் சொல்லவில்லை. தம் ஊரார் என்று கருதியே சொன்னார். அவருக்கிருந்த அந்த நல்லறிவு, ஒரு சங்கத்தில் நெடுங்காலம் உழைத்த எனக்கு இல்லாமற் போயிற்று. சங்கம் என்பது நம் பிள்ளைகளின் கல்விக்கும் நல்வாழ்வுக்கும் ஏற்பட்டதேயன்றி, அவர்களுடைய கண்களுக்குத் திரை கட்டுவதற்கு ஏற்பட்டதன்று.

ஆகையால், வருகிற ஆண்டு நம் வாலிபர் பிரிவு நடத்தும் சுற்றுலாவை வத்தலக்குண்டில் தொடங்கவேண்டுமென்றும், அதில் நம் குலத்துப் பிள்ளைகளோடு அவர்களுடைய பள்ளித் தோழர்களும், எவ்வகுப்பினராயினும், ஒரே வண்டியில் ஏறி ஒரே பந்தியில் உண்ணவேண்டுமென்றும் காரியக் கமிட்டியாரைக் கேட்டுக்கொள்ளுகிறேன். என் பேத்தியை அவ்வண்டியில் முதலில் ஏற்றிவிடுவேன். அவள் இனி அவ்வூரைப் பற்றிப் பிறருக்குச் சொல்லட்டும்.