கணப்படுப்பும் வீட்டுக்குரியோரும்

(இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஸ்காட்லாந்துப் பயணம் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தபோது எனக்குத் தயக்கம் ஏற்பட்டது. பத்து நாள் பார்த்துவிட்டு வந்தவள் ஒரு நாட்டைப் பற்றி என்ன பேசிவிட முடியும்? ஆகவே நாட்டை விட்டுவிடுகிறேன். அங்கே ஒரு வாரம் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

என் தங்கை கிளாஸ்கோ நகரில் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறாள். அக்டோபர்த் திங்களில் அங்குள்ள பள்ளிகளுக்கு விடுமுறை வரும். அதற்கு 'உருளைக்கிழங்கு விடுமுறை' என்றொரு பழம்பெயர் உண்டு. கிழங்கு அகழும் வேலைக்குப் பிள்ளைகளின் கைகள் தேவைப்பட்ட காலத்தில் எழுந்த பெயர் அது. இப்போது அந்த விடுமுறையில் பிள்ளைகள் கிழங்கு அகழ்வதில்லை. குடும்பத்தோடு நாட்டுப்புறக் குடில்களுக்குச் செல்கிறார்கள். நாங்களும் அவ்வாறே ஸ்கை தீவுக்குச் சென்றோம்.

மாலை நான்கு மணிக்குமேல் உள்ளே நுழையலாம் என்று எழுதியிருந்தது. வரவேற்க எவரும் இல்லை. கதவருகே சுவரில் பதித்த சிறு இரும்புப் பெட்டியில் எண்களைச் சுழற்றினால் சாவி கிடைக்கும். உள்ளே மேசைமீது ஒரு கூடை. அதில் ரொட்டி, பால், வெண்ணெய் மணக்கும் பிஸ்கட்டுகள். கணப்படுப்பின் அருகில் விறகு அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. நாற்காலிகளின்மீது மடித்த கம்பளிப் போர்வைகள் கிடந்தன. வெளியே மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. விறகு பற்றிக்கொண்டதும், 'அக்கா, இதற்காகத்தான் ஆண்டு முழுவதும் உழைக்கிறோம்' என்றாள் தங்கை. அவள் சொன்னதில் உண்மை இருந்தது. அந்த வீட்டின் இதத்தை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. தடித்த கற்சுவருக்குள் அமர்ந்து காற்றின் ஓசையைக் கேட்பது பேரின்பம்.

ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. சன்னல் வழியே பார்த்தேன். குடாவின் வளைவில் ஒன்பது வீடுகள் இருந்தன. மூன்றில் மட்டுமே விளக்கெரிந்தது. அம்மூன்றில் ஒன்று நாங்கள் ஏற்றியது. மற்றவை யாருடையவை, ஏன் இருண்டு கிடக்கின்றன என்னும் கேள்வி அன்றிரவு முதல் என்னைத் தொடர்ந்தது. விடைக்கு இருநூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

1773ஆம் ஆண்டு, ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சனும் அவருடைய நண்பர் பாஸ்வெல்லும் ஸ்காட்லாந்து மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் பயணம் செய்தார்கள். ஜான்சன் 1775இலும் பாஸ்வெல் 1785இலும் அதை நூலாக்கினார்கள். நெஸ் ஏரிக்கரையில் ஒரு முதியவளின் குடிசைக்குள் இருவரும் நுழைந்த நிகழ்ச்சி இரு நூல்களிலும் வருகிறது. குடிசைக்குள் ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருக்கிறது. அவள் எங்கே படுத்துறங்குகிறாள் என்று அறிய ஜான்சனுக்கு ஆவல். வழிகாட்டி அதை அவளுடைய கேலிக் மொழியில் கேட்க, அவள் அஞ்சிப் பதறுகிறாள். அவளுடைய நாணத்தை மதித்து ஜான்சன் நின்றுவிடுகிறார். பாஸ்வெல்லோ ஒரு தாளைக் கொளுத்திக்கொண்டு படுக்கையிடத்தை எட்டிப் பார்த்துவிடுகிறார்! அப்படியும் அந்த மூதாட்டி அவர்களுக்குத் தன் விஸ்கியை அளித்து, அவர்களுக்காக இறைவனை வேண்டி வழியனுப்புகிறாள். விடுமுறைக் குடில்களின் விளம்பரங்களைப் புரட்டும்போது எனக்குப் பாஸ்வெல்லின் நினைவே வந்தது. அவற்றில் படுக்கையறைப் படங்களுக்குத்தான் முதலிடம். எட்டிப் பார்ப்பதற்கு இப்போது எவரையும் அஞ்சவைக்க வேண்டியதில்லை, வீட்டில்தான் எவரும் இல்லையே.

அந்நாளைய தீவு வீடுகளைக் 'கறுப்பு வீடு' என்பார்கள். சாந்தில்லாமல் அடுக்கிய இரட்டைக் கற்சுவர், இடையில் மண் நிரப்பு, புயற்காற்று வழுக்கிச் செல்லும்படி வளைந்த மூலைகள், கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு இறுக்கிய கூரை. ஒரே வாயில்தான்; ஒரு முனையில் மாடுகள், மறுமுனையில் மக்கள். நடுவே தரையில் தீ. புகைபோக்கி கிடையாது. புகை கூரையில் படிந்து கரியாகும். அக்கரியேறிய கூரைப்புல்லைப் பிரித்து வயலுக்கு எருவாக இடுவார்கள். எரிபொருள், பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிமண். கோடைத் தொடக்கத்தில் வெட்டி, உலர்த்தி, வீட்டோரம் அடுக்கி வைப்பார்கள். அந்தத் தீயை அணைப்பதே இல்லை. இரவில் வீட்டுத் தலைவி தணலைச் சாம்பலால் மூடி, அதற்கென்றே உள்ள ஒரு வேண்டுதலைச் சொல்வாள். காலையில் ஊதி எழுப்புவாள். அலெக்சாண்டர் கார்மைக்கேல் என்பவர் அத்தகைய வேண்டுதல்களை ஊர் ஊராகத் திரிந்து திரட்டி 1900இல் நூலாக வெளியிட்டார்.

அத்தீயைச் சுற்றித்தான் இலக்கியமும் இருந்தது. குளிர்கால இரவுகளில் அண்டை வீட்டார் ஒரு வீட்டில் கூடிக் கதையும் பாட்டும் ஊர்ச் செய்தியும் பகிர்ந்துகொள்வர். அதற்குக் 'கேய்லி' என்று பெயர். (நம் செவிக்குக் 'கேலி' என்றுதான் விழும், நகைக்க வேண்டாம்.) இன்று அச்சொல் இசையோடு கூடிய நடன நிகழ்ச்சியைக் குறிக்கிறது. அதன் பழம்பொருளோ, ஒருவர் மற்றவர் வீட்டுக்குச் செல்வது, அவ்வளவுதான். நம் 'விருந்து' என்னும் சொல்லும் இப்படி வழி நடந்த சொல்தானே? புதுமை என்னும் பொருளிலிருந்து புதியவரைக் குறித்து, பிறகு அவருக்கு இடும் உணவைக் குறிக்கலாயிற்று. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்ததன் காரணத்தை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். இல்லத்தில் இருப்பவர் இன்றி விருந்து இல்லை என்னும் எளிய செய்தி, அந்த ஆளில்லாக் குடிலில் சாவிப் பெட்டியைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இருப்பவர்கள் எங்கே போனார்கள்? தாமாக மட்டும் போகவில்லை. ஆட்டுப் பண்ணையால் குடிவாரத்தைவிட மிகுந்த வருவாய் வரும் என்று கண்ட நிலக்கிழார்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நூறாண்டுக் காலம் மக்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றினார்கள். வடகோடியில் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814இல் வீடுகள் இடிக்கப்பட்டுக் கூரை மரங்கள் கொளுத்தப்பட்டன. அதற்காக வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்ட பண்ணை நிர்வாகி பேட்ரிக் செல்லர் 1816இல் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். கடற்கரைக்குத் தள்ளப்பட்டவர்கள் போக, கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறியவர்கள் மிகப் பலர்.

இங்கே ஒரு காலப் பொருத்தத்தைக் கருத வேண்டும். ஸ்ட்ராத்நேவர் எரிவதற்கு நான்கே ஆண்டுகள் முன்பு, 1810இல், வால்டர் ஸ்காட்டின் 'ஏரியின் தலைவி' என்னும் நெடுங்கவிதை வெளிவந்தது. அதைப் படித்துவிட்டுக் காட்ரின் ஏரியைக் காண மக்கள் திரண்டார்கள். மலைநாட்டுச் சுற்றுலாவுக்கு ஒரு கவிதை கால்கோள் இட்டது என்றால் அது மிகையாகாது. 1848இல் விக்டோரியா அரசியார் பால்மோரல் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்தபின் செல்வர்கள் அனைவருக்கும் மலைநாட்டு விடுமுறை வேண்டியதாயிற்று. ஆக, அந்நிலத்தின் தனிமை அழகென்று கொண்டாடப்பட்ட காலமும், அத்தனிமை ஆட்களை அகற்றி உண்டாக்கப்பட்ட காலமும் ஒன்றே. இலக்கியம் கற்பிக்கும் நமக்கு இது சற்றே சங்கடமான செய்திதான்.

மக்கள் எதிர்க்காமல் இல்லை. 1882இல் ஸ்கையின் பிரேஸ் பகுதிக் குடியானவர்கள், கிளாஸ்கோவிலிருந்து வந்த ஐம்பது காவலர்களைக் கல்லெறிந்து எதிர்த்தார்கள். பெண்களே முன்னின்றார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அதன் பயனாக ஓர் ஆணையமும், 1886இல் ஒரு சட்டமும் வந்தன. 'கிராஃப்ட்' எனப்படும் சிறு குடிநிலத்தை இனி விருப்பம்போல் பறிக்க முடியாது, பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம், வாடகை நியாயமாக இருத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். நாங்கள் தங்கிய வீடும் அத்தகைய குடிநில வீடாக இருந்ததே.

வாயிலில் 'கடல் இல்லம்' என்று கேலிக் மொழியில் பொறித்த அழகிய பலகை ஒன்று தொங்கியது. அதைத் துப்புரவு செய்ய வரும் அம்மையாரோ அப்பெயரை ஒருமுறையும் சொல்லவில்லை. முன்பு அங்கே வாழ்ந்த ஒருவரின் பெயரைச் சொல்லி 'அவர் வீடு' என்றே குறிப்பிட்டார். அவருடைய சிறுவயதில் அதுதான் அந்தக் குடாவின் கேய்லி வீடாம். அவர் மறைந்தபின் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். கைமாறிக் கைமாறி இப்போது தெற்கே தொலைவில் உள்ள ஒருவருடையது. அம்மையாருக்கு ஐம்பது வயதிருக்கும். ஐந்து விடுமுறை வீடுகளின் சாவி அவரிடம் இருக்கிறது. அவர் குடியிருப்பதோ தம்பியின் நிலத்தில் நிறுத்திய கேரவன் வண்டியில். 'கோடையில் வாரக் கணக்கில் வாடகை கிடைக்கும்போது, எனக்கு ஆண்டு முழுவதற்கும் யார் வீடு தருவார்கள்?' என்று சினமின்றிக் கேட்டார்.

அரசினர் இதனை அறியாதவர்கள் அல்லர். 2022ஆம் ஆண்டின் ஆணைப்படி, குறுகிய காலத்துக்கு வீடு வாடகைக்கு விடுவோர் உள்ளாட்சி மன்றத்திடம் உரிமம் பெற வேண்டும். முன்பே விட்டுவந்தவர்கள் 2023 அக்டோபர் முதல் நாளுக்குள் விண்ணப்பிக்கக் கெடு விதிக்கப்பட்டது. 2024 ஏப்ரலிலிருந்து இரண்டாம் வீடுகளுக்கு உள்ளாட்சி வரியை இரட்டிப்பாக்கவும் மன்றங்களுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. தீவிபத்து எச்சரிக்கைக் கருவி, மின் பாதுகாப்புச் சான்று முதலியவற்றை உரிமம் உறுதிசெய்கிறது. நல்லதே. ஆனால் இருண்ட சன்னலை அது நேரே தொடவில்லை என்பது என் எண்ணம்.

வீடு காலியாவதோடு மொழியும் காலியாகிறது. 1891இல் ஸ்காட்லாந்தில் கேலிக் பேசுவோர் இரண்டரை இலட்சத்துக்கு மேல். 2022 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 70,000. நாட்டளவில் முந்தைய கணக்கெடுப்பைவிட எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று மகிழ்பவர்கள் உண்டு. ஆயினும் அதன் இதயமான மேற்குத் தீவுகளில் 2011இல் பாதிக்கு மேற்பட்டோர் பேசினார்கள், 2022இல் பாதிக்கும் குறைவு. 2025ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் கேலிக் மொழிக்கு அலுவல் தகுதி தந்திருக்கிறது. நகரத்து வகுப்பறையில் மொழி வளரலாம். அண்டை வீட்டார் அற்ற ஊரில் கேய்லி எப்படி நடக்கும்?

ராசே தீவில் பிறந்த சோர்லி மக்லீன் என்னும் கேலிக் கவிஞர், 1850களில் ஆளகற்றப்பட்ட ஹாலெய்க் என்னும் சிற்றூரைப் பற்றி 1954இல் ஒரு கவிதை வெளியிட்டார். மறைந்த மக்கள் அங்கே மரங்களாக நடமாடுகிறார்கள். தங்கை வீட்டு அலமாரியிலிருந்து அதன் ஆங்கில வடிவத்தை எடுத்துச் சென்றிருந்தேன்; அந்த வீட்டுக் கணப்பின் அருகிலேயே படித்தேன். பிறகு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

விடுமுறை வாடகையே தீது என்று நான் முடிவு கட்டுவதாக நினைக்க வேண்டா. லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் கெரனன் என்றொரு கறுப்பு வீட்டுத் தொகுதி உண்டு. கடைசிக் குடியினர் 1974இல் புதுவீடுகளுக்குச் சென்றனர், கூரைகள் சரிந்தன. உள்ளூரார் 1989இல் ஓர் அறக்கட்டளை அமைத்து வீடுகளைச் செப்பனிட்டார்கள். ஒன்று காட்சிக்கூடம், ஒன்று எளியோர் தங்கும் விடுதி, வேறு சில விடுமுறை வாடகைக்கு. வாடகைப் பணமே கூரை வேய உதவுகிறது. வாடகை இல்லையேல் அங்கே கற்குவியல்தான் எஞ்சியிருக்கும். இன்னொரு வகையும் உண்டு. மலைகளில் பழைய இடையர் குடில்கள் பூட்டின்றித் திறந்தே கிடக்கின்றன. 1965இல் தோன்றிய ஒரு தொண்டர் சங்கம் அத்தகைய நூறளவான குடில்களைப் பேணுகிறது. எவரும் இரவு தங்கலாம். கட்டணம் இல்லை, பின்வருபவருக்காகக் கொஞ்சம் விறகு விட்டுச் செல்வது மரபு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வெளியேற வேண்டும். கணப்புச் சாம்பலை இரும்பு வாளியில் இட்டு வெளியே வைக்குமாறு கோப்பில் எழுதியிருந்தது. தங்கை அவ்வாறே செய்தாள். அம்மையார் புதிய விரிப்புகளோடு வந்துவிட்டார். அடுத்து வருவோரின் கார் சாலைத் திருப்பத்திலேயே காத்து நின்றது. விடைபெறும்போது, 'எங்களைப் போன்றவர்கள் வராதிருப்பது உங்களுக்கு நல்லதா?' என்று கேட்டேன். அவர் வியப்போடு பார்த்தார். 'வாருங்கள். வராவிட்டால் எனக்கு வேலை ஏது? தம்பியும் தன் வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டி வாடகைக்கு விட உரிமம் கேட்டிருக்கிறான். அடுத்த முறை அங்கே தங்குங்கள். நான் பக்கத்திலேயே இருப்பேன். தேநீர் நானே போட்டுத் தருவேன்' என்றார்.