ஒரு பிரபுவின் படிப்பறையும் அதன் கணக்கும்



இத்தாலிக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் ரோம், வெனிஸ், புளோரன்ஸ் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாளை மிச்சம் பிடித்து உர்பினோவுக்கும் போய் வாருங்கள். மலைமேல் இருக்கும் சின்ன ஊர். அங்கே ரயில் போகாது. பெசாரோ வரை ரயிலில் போய், பிறகு பஸ் எடுக்க வேண்டும்.

15ஆம் நூற்றாண்டில் அந்த ஊரை ஆண்ட பெதரிக்கோ த மொன்தெபெல்த்ரோ என்ற பிரபுவின் மாளிகை அங்கே இருக்கிறது. இப்போது அது அரசின் ஓவியக் காட்சிக்கூடம். பெரிய மண்டபங்களைக் கடந்து போனால் ஏறத்தாழ 12 அடிக்கு 11 அடியில் ஒரு குட்டி அறை வரும். அதுதான் அவருடைய படிப்பறை. 1476இல் முடிந்தது.

சுவரைச் சுற்றிலும் அலமாரிகள். கதவுகள் பாதி திறந்திருக்கின்றன. உள்ளே புத்தகங்கள், இசைக்கருவிகள், கூண்டில் ஒரு கிளி. ஓரிடத்தில் அணில் ஒன்று கொட்டை கடிக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் அலமாரியும் இல்லை, கதவும் இல்லை. எல்லாம் தட்டைப் பலகை. பல நிற மரத் துண்டுகளை வெட்டிப் பதித்துச் செய்த வேலை. மேலே 28 பெரியோர்களின் ஓவியங்கள் இருந்தன. அவற்றில் 14 இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில்.

ஓர் அலமாரியில் வாளும் கவசமும் கழற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. இன்னொரு பலகையில் பெதரிக்கோவே நீண்ட அங்கி அணிந்து, ஈட்டி முனையைக் கீழே சாய்த்து நிற்கிறார். போர் முடிந்தது, இனிப் படிப்புத்தான் என்கிறார் போலும்.

நான் கணக்காளன். இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. ஒப்பந்தம் போட்டுப் பிறருக்காகப் போர் செய்த படைத்தலைவர் அவர். பெரும்பணம் அதில்தான் வந்தது. 1472இல் புளோரன்ஸுக்காக வொல்தெர்ரா நகரை முற்றுகையிட்டார். நகரம் சரணடைந்தது. அதன் பிறகும் அவர் தலைமையில் வந்த படையினர் உள்ளே புகுந்து சூறையாடினார்கள். அந்தச் சனங்களின் வீடுகள் இந்தப் பலகைகளில் எங்கும் இல்லை.

இதில் ஒரு பொருத்தம் உண்டு. இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை முதன்முதலில் அச்சில் விளக்கிய நூல் 1494இல் வெனிஸில் வெளிவந்தது. எழுதியவர் லூக்கா பச்சியோலி என்ற துறவி. அந்த நூலை அவர் காணிக்கையாக்கியது பெதரிக்கோவின் மகன் குயிதோபால்தோவுக்கு. ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் எழுத வேண்டும் என்பதுதான் அந்த முறையின் அடிப்படை.

அதனால் ரசிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நேயர்களே. அணிலை ஆசை தீரப் பாருங்கள். கூடவே பிள்ளைகளை அழைத்துப் போனால் வொல்தெர்ராவின் கதையையும் சொல்லுங்கள்.