மரத்தின் மேல் நிற்பவர் யார்?

(தொழிற்சங்க ஊழியர் வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மே மாதத்தின் பிற்பகுதியில் கேரளக் கிராமங்களின் தேநீர்க் கடைகளில் ஒரே வகையான பேச்சு காதில் விழும். எந்தக் கூரையின் மீது எந்தத் தென்னை சாய்ந்திருக்கிறது, எந்த மாங்கிளை மின்கம்பியைத் தொடுகிறது, வெட்டித் தருவதற்கு யார் கிடைப்பார்? இடவப்பாதி என்று மலையாளிகள் அழைக்கும் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் நாளை ஒட்டித் தொடங்கிவிடும். அதற்கு முன்னதாக, தனியார் நிலங்களில் உள்ள அபாயகரமான மரங்களையும் கிளைகளையும் அகற்ற வேண்டும், தவறினால் நேரும் சேதத்துக்கு உடைமையாளரே பொறுப்பு என 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைச் சுட்டி அரசு நிர்வாகம் அறிவிக்கிறது. உடைமையாளரின் பொறுப்பு பேசப்படுகிறது. சேதத்தின் பொறுப்பு பேசப்படுகிறது. அம்மரத்தில் ஏறப்போகிறவரின் உயிருக்கு யார் பொறுப்பு என்பதே இவ்வுரையின் பொருள்.

அவரை முதலில் அருகில் நின்று பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்கு இரு சக்கர வாகனத்தில் வருகிறார். பின்னிருக்கையில் இயந்திர வாள், தோளில் வடம், இடையில் வெட்டுக்கத்தி. உடன் இரண்டு கையாட்கள். ஒருவர் வடம் பிடிக்க, மற்றவர் கீழே விழுந்ததைத் துண்டாக்கிக் குவிக்க. தென்னையாக இருந்தால் ஏறுவதற்குத் தளப்பு வேண்டும். பனையேறிகளின் தளைநாரும் மலையாளத்தின் தளப்பும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பதைச் சொல்லாமலே விளங்கிக்கொள்ளலாம். கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்பவர் உருவாக்கிய, காலால் மிதித்து ஏறும் கருவி பரவிய பிறகு தென்னை ஏறுவது சற்று எளிதாயிற்று. கிளை விரிந்த மரங்களுக்கு அக்கருவி பயன்படாது. அங்கே பழைய முறைதான்: கையும் காலும் வடமும்.

வந்தவர் உடனே ஏறுவதில்லை. மரத்தை இருமுறை சுற்றி வருகிறார். கோடரியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டி, உள்ளே பொந்து விழுந்திருக்கிறதா என்று ஒலியால் அறிகிறார். கம்பி எங்கே, அண்டை வீட்டு மதில் எங்கே, கழிவுநீர்த் தொட்டியின் மூடி எங்கே, காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று பார்க்கிறார். பிறகு ஒரு தொகையைச் சொல்கிறார். வீட்டுக்காரர் பாதியைச் சொல்கிறார். பத்து நிமிடங்களில் பேச்சு முடிகிறது. அந்தப் பத்து நிமிடங்களில் தீர்மானிக்கப்படுவது வெறும் விலையன்று. மரத்தில் செவ்வெறும்புக் கூடு இருந்தால், வாளின் சங்கிலி அறுந்தால், மழை குறுக்கிட்டு ஒரு நாள் வேலை இரண்டு நாளானால், உச்சிக்கிளை கண்ணுக்குத் தெரியாமல் உளுத்திருந்தால் அந்த இழப்பு யாருடையது என்பதும் அப்போதே தீர்மானமாகிவிடுகிறது. எல்லாம் ஏறுகிறவருடையது.

மூலதனம் முதல் பாகத்தில் மார்க்ஸ் துண்டுக் கூலிக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். துண்டுக் கூலி என்பது நேரக் கூலியின் மாற்று வடிவம். அதில் வேலையின் தரமும் வேகமும் கூலி முறையாலேயே கண்காணிக்கப்படுவதால் மேற்பார்வையாளர் பெருமளவு தேவையற்றவராகிறார் என்று அங்கே விளக்கினார். மரம் வெட்டுபவரிடம் இந்த ஏற்பாடு முழுமை பெற்றுவிட்டது. அவருக்கு மேற்பார்வையாளரும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. தம்மைத் தாமே விரட்டிக்கொள்கிறார்.

விற்கத்தக்க மரமாக இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. பலாவோ தேக்கோ அயனியோ என்றால் (ஆஞ்ஞிலி என்பது மலையாளப் பெயர், கேரளத்துப் பாம்புப் படகுகள் இம்மரத்தில் செய்யப்படுபவை) வெட்டுபவரே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்து மரத்தை எடுத்துக்கொள்கிறார். அதை அறுவை ஆலைக்குக் கொண்டுபோகும்போது அளவு பார்க்கிறார்கள். சுற்றளவை நான்கால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவது மரச்சந்தையின் பழைய வழக்கம். ஐந்தடிச் சுற்றளவும் பத்தடி நீளமும் கொண்ட உருட்டு மரம் இவ்வளவையில் ஏறத்தாழ பதினைந்தரைக் கன அடி. வட்டத்தின் பரப்பை முறையாகக் கணக்கிட்டால் அதே மரம் ஏறத்தாழ இருபது கன அடி. நூற்றுக்கு இருபத்தொன்றுக்கு மேற்பட்ட பங்கு அளவுநாடாவிலேயே மறைந்துவிடுகிறது. அறுக்கும்போது கழிந்துபோவதற்கு ஈடு என்று இதற்கு நியாயம் சொல்லப்படுகிறது. கழிவுத் துண்டுகளும் மரத்தூளும் ஆலையில் விலைபோவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இங்கே தொழிற்சங்க ஊழியர்கள் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. இவரிடம் வாள் இருக்கிறது, வாகனம் இருக்கிறது, கூலிக்கு ஆட்களையும் வைத்துக்கொள்கிறார். இவர் சிறு ஒப்பந்தக்காரர் அல்லவா? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கையாட்களுக்கும் அவருக்கும் இடையே கூலி உறவு உண்மையில் இருக்கிறது. அதில் தகராறும் வரும். ரிசர்வ் வங்கிக் கையேட்டின்படி 2022-23இல் கேரளக் கிராமப்புற விவசாயத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி 764 ரூபாய்; அகில இந்திய சராசரி 346 ரூபாய்; மத்தியப் பிரதேசத்தில் 229 ரூபாய். கேரளத்தின் எண் வானத்திலிருந்து விழவில்லை. விவசாயத் தொழிலாளர் இயக்கத்தின் பல பத்தாண்டுப் போராட்டம் அதற்குள் இருக்கிறது. மரம் வெட்டுபவர் தம் கையாட்களுக்கு இந்த மட்டத்தை ஒட்டித்தான் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுத்து, பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் சங்கிலிக்கும் வடத்துக்கும் கழித்த பின்னர் எஞ்சுவதே அவருடையது. நல்ல நாளில் அது ஒரு திறன்மிக்க தொழிலாளியின் கூலி. கெட்ட நாளில் கையாட்களுக்குக் கொடுத்தது போக ஒன்றும் இல்லை. பிறர் உழைப்பின் உபரியால் வாழ்பவர் முப்பதடி உயரத்தில் ஒரு கவட்டையில் காலூன்றிக்கொண்டு நிற்பதில்லை.

அரசின் கணக்கில் இவர் ‘சுயதொழில் புரிபவர்’. காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2017-18இல் வேலையில் உள்ளவர்களில் 52.2 விழுக்காட்டினர் இவ்வகையினர், 2023-24இல் 58.4 விழுக்காட்டினர். ஒன்றிய ஆட்சியாளர்கள் இதை வேலைவாய்ப்பின் வளர்ச்சி என்கிறார்கள். நிலையான சம்பளம் கிடைக்காதவர் தமக்குத் தாமே வேலை கொடுத்துக்கொள்வதற்கு வளர்ச்சி என்று பெயரிடுவதானால், பட்டினி கிடப்பவரை நோன்பாளி என்றே அழைத்துவிடலாம்.

சுயதொழில் என்ற சொல்லின் உண்மையான பொருள் விபத்தின்போது தெரிகிறது. கள் இறக்கும் தொழிலாளியோடு இவரை ஒப்பிட வேண்டும். இருவரும் அதே உயரத்தில் ஏறுகிறார்கள். விழுந்தால் அதே முதுகெலும்புதான் முறிகிறது. ஆனால் கள் தொழிலாளி நாள்தோறும் அதே மரங்களில் ஏறுகிறார். அவர் இறக்கும் கள் உரிமம் பெற்ற கடைக்குச் செல்கிறது. எனவே அவருக்கு ஒரு பதிவேடும் எதிரில் ஒரு முதலாளியும் இருந்தனர். சங்கம் கட்ட முடிந்தது. வேலைநிறுத்தம் செய்ய முடிந்தது. 1969ஆம் ஆண்டிலேயே கேரளக் கள் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. மரம் வெட்டுபவர் இன்று ஒரு வளவில், நாளை வேறொரு வளவில். அவர் யாரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வார்? ஓய்வூதியத்தில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரையா, மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பும் பணத்தில் வாழும் ஒரு மூதாட்டியையா? உழைப்பின் தன்மை ஒன்றாக இருந்தும் எதிர்த்தரப்பு சிதறிக்கிடப்பதால் உரிமை பிறக்கவில்லை.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் பனைவகை மரங்களில் கள் இறக்குவதும் மரம் வெட்டுவதும் இடம்பெற்றிருந்தன என்பது பலருக்கு வியப்பளிக்கும். சட்டத்துக்கே இத்தொழிலின் ஆபத்து தெரிந்திருந்தது. எனினும் அந்தச் சட்டம் முதலாளி என ஒருவர் இருந்தால்தான் பேசியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, சுயதொழில் செய்வோரை முறைசாராத் தொழிலாளர் எனப் பெயரளவில் ஏற்றுக்கொண்டு, திட்டங்களை அரசின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருக்கிறார்கள். அட்டை கைக்கு வந்துவிட்டது. அட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

தில்லியில் வேலி கத்தரிக்கும் மாலிகளின் நிலையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே 1994ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி மரம் வெட்ட முன் அனுமதி தேவை. மீறினால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. மரங்களைக் காக்கும் சட்டம் தேவையானதே. ஆனால் அனுமதி பெற வேண்டியவர் பங்களாவின் உள்ளே அமர்ந்திருக்க, அதிகாரி வரும்போது கையில் வாளுடன் நிற்பவர் மாலி. ரைன் மாகாணச் சட்டமன்றம் விறகு பொறுக்கிய ஏழைகளைத் திருடர்களாக்கியதை எதிர்த்து 1842இல் இளம் மார்க்ஸ் எழுதினார். பொருளாதாரக் கேள்விகளின் பக்கம் தம்மைத் திருப்பிய நிகழ்வுகளில் ஒன்றாக அதை 1859இல் அவரே நினைவுகூர்ந்தார். மரத்தைப் பற்றிய சட்டத்தில் வர்க்கம் ஒளிந்திருப்பது புதிய செய்தியன்று.

மின்சாரத்தால் வரும் மரணம் வேறு வகை. கம்பியைத் தொடும் கிளைகளை மழைக்கு முன் கழிப்பதற்குக் கேரளத்தில் ‘டச்சிங் வெட்டு’ என்று பெயர். மின்வாரியம் செய்விக்கும் வேலையில் இணைப்பைத் துண்டித்துவிட்டே ஆள் ஏற வேண்டும். தனியார் வளவில் ஏறுபவருக்காக மின்னோட்டத்தை நிறுத்த யார் தொலைபேசியில் அழைப்பது? வீட்டுக்காரர் அவசரப்படுகிறார், வெட்டுபவருக்கு மதியம் வேறொரு மரம் காத்திருக்கிறது. ஈரக் கிளை மின்சாரத்தைக் கடத்தும் என்பது இருவருக்கும் தெரியும். இது கல்வியின்மை அன்று. துண்டுக் கூலியின் அவசரம்.

ஏறுகருவியில் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கியவரைத் தீயணைப்பு வீரர்கள் இறக்கினர் என்ற செய்தி மலையாள நாளிதழ்களில் அடிக்கடி வருவது. அவற்றில் பெரும்பாலும் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: வண்டி வந்து சேரும்வரை மேலே ஏறிச் சென்று அவரைத் தாங்கிப் பிடித்திருந்தவர் ஊரார் ஒருவர். அவ்வாறு ஏறத் தெரிந்தவர் யாராக இருப்பார்? பெரும்பாலும் அதே தொழிலைச் செய்யும் இன்னொருவர். சங்கம் இல்லாத இடத்திலும் சங்கத்தின் விதை கிடக்கிறது.

செய்யக்கூடியவை பெரியவை அல்ல. தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரட்சா காப்பீட்டில் பிரீமியத்தின் ஒரு பங்கைத் தொழிலாளி செலுத்தினால் ஏழு லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அது தென்னைத் தொழிலாளருக்கு உரியது; காலையில் தென்னையில் ஏறியவரே பிற்பகலில் பலாவில் ஏறுகிறார். எல்லா மரத்துக்கும் அதை விரிவாக்கக் கோர வேண்டும். மரம் ஏறும் தொழிலாளர் விழுந்து இறந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ நிவாரணம் தரும் மாநிலத் திட்டமும் இருக்கிறது. அதற்கான சான்றுகளைத் திரட்ட, கணவரை இழந்த பெண்ணோடு அலுவலகம் அலுவலகமாக அலைய ஓர் ஊழியர் வேண்டும். வார்டு வாரியாக இவர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், ஆணை வரும் மே மாதத்தில் வேலைக்குக் குறைந்தபட்ச விலையைப் பேசவும், மின்வாரியத்துக்கு ஒரே குரலில் தகவல் தரவும் முடியும்.

இன்னொன்று உடனே செய்யத்தக்கது. ஆண்டுக்கு இருபது ரூபாய்க்கு இரண்டு லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் திட்டம் போதாதது; ஆயினும் விட்டுவிடத்தக்கதன்று. அதன் ஆண்டு ஜூன் முதல் நாளில் தொடங்கி மே 31இல் முடிகிறது. பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கப்படுகிறது. கணக்கில் இருபது ரூபாய் இல்லாவிட்டால் பாதுகாப்பு அறுந்துபோகிறது. ஜூன் முதல் நாள்தான் மழையும் தொடங்குகிறது. மே மாதத்தின் கடைசி வாரத்தில் ஒவ்வொரு மரம் வெட்டுபவரின் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் ஒருமுறை திறந்து பார்ப்பது கிளைச் செயலாளரின் வேலைப் பட்டியலில் சேர வேண்டும்.