காலியான இடத்தில் ஏறுவது யார்?



1933 மார்ச் 7. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள ஆபெரா அரங்கு. அன்றிரவு வெர்டியின் 'ரிகோலெட்டோ'. தேர்தல் முடிந்து இரண்டே நாள். அரங்கை நிறைத்திருந்தவர்கள் ரசிகர்கள் அல்லர். ஹிட்லரின் பழுப்புச் சட்டைக்காரர்கள். இசை நடத்துநர் ஃப்ரிட்ஸ் புஷ் உள்ளே வந்ததுதான் தாமதம், "வெளியே போ!" என்று கூச்சல் கிளம்பியது.

யார் இந்தப் புஷ்? பிடில் செய்து பிழைத்த ஒரு தச்சரின் மகன். 1922 முதல் அந்த அரங்கின் இசைத் தலைவர். ஸ்ட்ராவுஸின் 'இன்டர்மெட்சோ', ஹிண்டமித்தின் 'கார்டிலாக்' ஆகிய ஆபெராக்கள் இரண்டும் முதன்முதலில் அரங்கேறியது அவர் கையில்தான். அவர் யூதரும் அல்லர். நாஜிக் கட்சிக்கு வளைந்து கொடுக்கவில்லை, அவ்வளவுதான் குற்றம்.

நண்பர்களே, இசை நடத்துநர் சபைக்கு முதுகு காட்டி நிற்பவர். கூச்சல் முதுகுக்குப் பின்னால். கண்ணெதிரே பத்தாண்டுகளாகக் கூட வாசித்தவர்களின் முகங்கள். சற்று நேரம் நின்று பார்த்தார். இறங்கிப் போய்விட்டார்.

நாடகம் நின்றதா? இல்லை. இன்னொருவர் ஏறினார், கோலை எடுத்தார், 'ரிகோலெட்டோ' நடந்தது! சர்வாதிகாரம் தன் பலத்தைக் கண்டுகொள்வது கூச்சல் போடும்போது அல்ல. காலியான இடத்தில் அடுத்தவர் ஏறும்போதுதான்.

ஸ்ட்ராவுஸ் தன் புதிய ஆபெரா 'அராபெல்லா'வைப் புஷ்ஷுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். அதே ஆண்டு ஜூலை 1 அன்று, அதே அரங்கில், அதை நடத்தியவர் கிளெமென்ஸ் க்ராவுஸ். அடுத்த ஆண்டு பெர்லினில் இசை நடத்துநர் ஃபுர்ட்வெங்ளர் ஆபெரா பதவியைத் துறந்தார். அங்கேயும் போய் அமர்ந்தவர் க்ராவுஸ்தான். அவரைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. லண்டனைச் சேர்ந்த குக் சகோதரிகள் யூதர்களைத் தப்புவித்தபோது, அவர்களுக்குத் துணை நின்றவரும் அவரே. நல்ல மனமும் அடுத்தவர் இடத்தில் கிடைத்த பதவியும் ஒரே ஆளிடம் இருக்கலாம். அதனால்தான் இந்தக் கேள்வி நம் எல்லோருக்கும் உரியது.

புஷ்ஷுக்கும் அந்தச் சோதனை வந்தது. 1931இல் பொலோன்யாவில், பாசிஸ்டுக் கட்சிப் பாட்டை வாசிக்க மறுத்து அடி வாங்கியவர் இத்தாலிய இசை நடத்துநர் டொஸ்கனினி. 1933இல், யூதக் கலைஞர்களுக்கு நேர்ந்த கொடுமையைக் கண்டு ஜெர்மனியின் பைராய்ட் இசை விழாவுக்கு வர மறுத்தார். அந்த இடத்துக்கு வருமாறு அழைப்பு போனது யாருக்குத் தெரியுமா? புஷ்ஷுக்கு! தன் இடத்தைப் பறித்த ஆட்சியில், இன்னொருவர் விட்டுப்போன இடம் அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வேலை இல்லை, நாடு இல்லை. புவனோஸ் ஐரிஸ் போனார். 1934 மே 28 அன்று, இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் மாளிகையில், சுமார் 300 பேர் அமரும் புத்தம்புது அரங்கில் மொசார்ட்டின் 'பிகாரோவின் திருமணம்' நடத்தினார். அங்கே அன்று தொடங்கிய ஆபெரா விழா இன்றும் நடக்கிறது. யாரையும் விரட்டாமல் கிடைத்த மேடை அது.

ஜெர்மனியில் அவர் மீண்டும் இசை நடத்தியது 1951இல்தான். அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனில் காலமானார்.

உங்களுக்கும் ஒருநாள் பெரிய இடத்திலிருந்து அழைப்பு வரும். சம்பளத்தை விசாரிக்கும் முன், நேற்றுவரை அங்கே நின்றவர் ஏன் போனார் என்று விசாரியுங்கள்.